சாதுவான முயல் ஏன் திடீரென்று கடிக்கிறது?

கருப்பிக்கு ஐந்து மாதம் முடிந்த வாரம் அது. தினமும் காலையில் செய்வதுபோலக் கூண்டைத் திறந்து தீனிக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினேன். மூலையில் படுத்திருந்தவள் உறுமிக்கொண்டு பாய்ந்து, இரண்டு முன்கால்களாலும் என் கையை அறைந்துவிட்டு மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டாள். முந்தின மாதம் வரை என் மடியில் உறங்கியவள். காயத்தைவிட அந்த உறுமல்தான் மனதில் நின்றது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே” என்றார் அம்மா. “கொழுப்பு ஏறிடுச்சு, ரெண்டு நாள் தீனியைக் குறை” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. விற்ற கடைக்காரர், “ஜோடி வாங்கி விடுங்க, தானா அடங்கிடும்” என்றார். மூன்று பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். மூன்றுமே தவறு. அதிலும் தீனியைக் குறைப்பது உயிருக்கே ஆபத்து. முயலின் குடலில் நாள் முழுக்க இரை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பாதி நாள் வெறும் வயிறாக இருந்தாலே குடல் இயக்கம் நின்றுபோகத் தொடங்கும்.

விவரம் தெரிந்தவர்கள் “அது ஹார்மோன் பிரச்சினை” என்பார்கள். சரி, ஹார்மோன் என்ன செய்கிறது? அது ஏன் கடிக்க வைக்கிறது? அதற்கு நாம் என்ன செய்யலாம்? முதல்முறையாக முயல் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாட்டிலும் கோழியிலும் பார்த்ததுதான்

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். உழவுக்கும் வண்டிக்கும் பழக்குகிற காளையைக் காயடிப்பார்கள். காயடித்த மாட்டின் கயிற்றைச் சின்னப் பிள்ளைகூடப் பிடித்துக்கொண்டு போகும். பொலிகாளையின் பக்கத்தில் அப்படி யாரையும் விட மாட்டார்கள். இரண்டும் ஒரே இனம், ஒரே தொழுவம், ஒரே தீனி. விரைகள் இருக்கின்றனவா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம்.

பெண் பக்கத்துக்கு அடைக்கோழியைப் பாருங்கள். நேற்று வரை காலடியில் தானியம் பொறுக்கிய கோழி, அடைக்கு உட்கார்ந்த பிறகு முட்டைப் பக்கம் கை போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். குஞ்சுகள் பெரிதானதும் பழையபடி ஆகிவிடும். அதைக் கெட்ட கோழி என்று யாரும் சொல்வதில்லை. “அடையில இருக்கு” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவோம்.

முயலுக்கு மட்டும் இந்தப் பரிவு கிடைப்பதில்லை. நமக்குப் பழக்கமானது குட்டி முயல்தான் என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கடையில் ஒன்று, இரண்டு மாதக் குட்டியாக விற்கிறார்கள். இறைச்சிப் பண்ணைகளில் பெரும்பாலானவை சுமார் மூன்று மாதத்தில், இரண்டு கிலோ எடை வந்ததும் போய்விடும். பருவம் வந்த முயலின் சுபாவத்தைப் பார்க்கும் வாய்ப்பு நம்மில் பலருக்கு வாய்த்ததே இல்லை. அதனால் முதல் கடி நமக்குத் துரோகம்போலத் தெரிகிறது.

ஒரு குடத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம்

உடலில் சில சுரப்பிகள், தாம் சுரப்பதை நேராக ரத்தத்தில் கலந்துவிடும். ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போய், ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு செய்தியைச் சேர்க்கும். இப்படி ரத்தத்தோடு பயணம் போகிற வேதிப்பொருளுக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். ஆண் முயலின் விரைகளில் சுரப்பது டெஸ்டோஸ்டிரோன். பெண் முயலின் சூலகங்களில், அதாவது சினைமுட்டைகள் உருவாகும் உறுப்புகளில், சுரப்பவை ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டிரோனும். குட்டிப் பருவத்தில் இந்தச் சுரப்பிகள் ஏறக்குறைய உறக்கத்தில் இருக்கும். உரிய வயது வந்ததும் மூளை அவற்றை எழுப்பிவிடுகிறது.

இனி ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடத்தைக் காப்பது, எதிரியை விரட்டுவது, பயந்தால் திருப்பித் தாக்குவது ஆகியவற்றுக்கான ஏற்பாடு முயலின் மூளையில் பிறக்கும்போதே இருக்கிறது. அதுதான் குடம். குட்டியில் அந்தக் குடத்தில் கால் பங்குதான் தண்ணீர்; யாராவது இடித்தாலும் சிந்தாது. பருவம் வந்ததும் மேலே குழாய் திறந்து குடம் விளிம்பு வரை நிரம்பிவிடுகிறது. அப்புறம் லேசாகக் கை பட்டாலும் சிந்தும். நீங்கள் நேற்று நீட்டிய அதே கையைத்தான் இன்றும் நீட்டுகிறீர்கள். நேற்று அது தாங்கிக்கொண்டது, இன்று தாங்க முடியவில்லை.

ஹார்மோன் நேரடியாகக் ‘கடி’ என்று கட்டளையிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் முயல் நாள் முழுக்க எல்லாரையும் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் கையைக் கடித்த அன்று மாலையே, கூடத்தில் அவிழ்த்துவிட்டபோது, கருப்பி என் பக்கத்தில் வந்து படுத்து அதே கையை நக்கினாள். குடம் அப்போதும் நிரம்பித்தான் இருந்தது. கூடத்தில் அதை இடிக்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சிந்திய தண்ணீர் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் ஓடினால் மண்ணில் தடம் விழுந்துவிடும். முயல் பாய்கிறது, நாம் பயந்து கையை இழுக்கிறோம். ‘பாய்ந்தால் கை போய்விடும்’ என்று அது கற்றுக்கொள்கிறது. இது ஹார்மோன் கொடுத்த குணம் கிடையாது, பழக்கம். குழாயை அடைத்த பிறகும் இந்தத் தடம் கொஞ்ச காலம் இருக்கும்.

இதுவரை பார்த்தது: சுரப்பி குழாய், ஹார்மோன் தண்ணீர், நாம் செய்யும் சில காரியங்கள் இடி, பழக்கம் தடம். மருத்துவர் குழாயை அடைக்கலாம். இடியைக் குறைப்பதும் தடத்தை மாற்றுவதும் வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது.

மண்ணுக்கடியில் இருக்கும் ஊர்

கூண்டுக்குள் நீளும் கை ஏன் அவ்வளவு பெரிய இடியாகிறது? அதற்கு முயலின் பூர்வீகம் தெரிய வேண்டும். வீட்டில் வளர்க்கும் முயல்கள் எல்லாமே, எந்த நிறமாக எந்த இனமாக இருந்தாலும், ஐரோப்பிய முயல் என்ற ஒரே காட்டு இனத்தின் வழிவந்தவை. அதன் பழைய தாயகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பம். அவை மண்ணைக் குடைந்து வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. நம் ஊர் மானாவாரிக் காடுகளில் துள்ளி ஓடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புதர் மறைவில் படுக்கும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதைப் பிடித்து வளர்க்கவும் கூடாது.

வளை வாழ்க்கையில் நல்ல வளை என்பது சொத்து. பெண் முயலுக்குக் குட்டி ஈனப் பாதுகாப்பான இடம் வேண்டும்; அதற்காகப் பெண்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். ஆண்கள் பெண்களுக்காகவும் எல்லைக்காகவும் மோதும். எல்லையைக் குறிக்கத் தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மிக்கிட்டோவிச் என்ற ஆய்வாளர் 1960-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். கூட்டத்தில் மேல்நிலையில் இருக்கும் ஆண்களே அதிகமாகத் தாடையை உரசி அடையாளம் வைக்கின்றன என்று கண்டார். உங்கள் முயல் நாற்காலிக் காலிலும் கதவு விளிம்பிலும் தாடையைத் தேய்ப்பது இதைத்தான். அந்த வாசனை நம் மூக்குக்கு எட்டாது.

ஆக, கூண்டுதான் உங்கள் முயலின் வளை. அதற்குள் நுழையும் கை, வளைக்குள் புகுந்த அந்நியன்.

இதைப் பண்ணைக்காரர்கள் பல காலமாக அறிவார்கள். இனச்சேர்க்கைக்குப் பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட மாட்டார்கள். விட்டால் பெண் அடித்து விரட்டிவிடும். ‘ஆண்தான் முரடு, பெண் சாது’ என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

எப்போது தொடங்கும், எப்படித் தெரியும்

சிறிய உடல் கொண்ட இனங்களுக்கு மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவம் வந்துவிடும். நியூசிலாந்து வெள்ளை போன்ற நடுத்தர இனங்களுக்கு 4 முதல் 6 மாதம். பெரிய இனங்களுக்கு 6 முதல் 9 மாதம்கூட ஆகலாம். நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பு என்பதால், நான்காவது மாதத்திலிருந்தே கவனிக்கத் தொடங்குவது நல்லது.

ஆண் முயல் உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடும், தொண்டையில் மெல்லிய முனகலோடு. காலைப் பற்றி ஏறப் பார்க்கும், கணுக்காலைக் கவ்வும், சுவரில் பீய்ச்சி மூத்திரம் அடிக்கும். இது கோபம் இல்லை, இணை தேடல். பெண்ணிடம் கூண்டுக் காவல் கூடுதலாகத் தெரியும். காது பின்னால் படிந்து, வால் நிமிர்ந்து, உறுமலோடு முன்கால்களால் அறையும். தரையை வெறியோடு பறண்டும்.

பெண் முயலுக்கு நாய், மாடு போலக் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் சூட்டுக்காலம் கிடையாது. இணை சேர்ந்த சுமார் பத்து மணி நேரத்துக்குப் பிறகுதான் சினைமுட்டை வெளியேறும். அதுவரை உடல் ‘தயார்’ நிலையிலேயே காத்திருக்கும். நடுவில் ஓரிரு நாள் ஓய்வு, மறுபடி தயார். ‘கொஞ்ச நாளில் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். அந்தக் குழாய் தானாக அடைபடுவதில்லை. “ஒரு தடவை குட்டி போட்டால் அடங்கிவிடும்” என்பதும் உண்மை இல்லை. 31 நாள் சினை முடிந்து குட்டி ஈன்ற அன்றே மறுபடி சினையாகக்கூடிய உடல் அது.

பொய்ச்சினை

ஒரு நாள் உங்கள் பெண் முயல் வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடும். தாடைக்குக் கீழேயும் வயிற்றிலும் இருக்கும் தன் முடியைத் தானே பிய்த்து மெத்தைபோல் பரப்பும். ஆண் முயலே வீட்டில் இல்லை என்றாலும் இது நடக்கும். இன்னொரு பெண் முயல் மேலே ஏறினால்கூட உடல் ஏமாந்து சினைமுட்டையை வெளியேற்றி, சினை பிடித்ததாக நம்பிக்கொள்ளும். இதற்குப் பொய்ச்சினை என்று பெயர். 16 முதல் 18 நாள் வரை நீடிக்கும்.

அந்த நாள்களில் கடி அதிகமாகும். அடைக்கோழியை நினைத்துக்கொண்டு ஒதுங்கியிருங்கள். கட்டிய கூட்டைக் கலைக்காதீர்கள். கலைத்தால் இன்னும் முடியைப் பிய்த்து மறுபடி கட்டும். பார்த்தால் பாவமாக இருக்கும், ஆனால் தானாகவே முடிந்துவிடும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்றிலிருந்தே செய்யக்கூடியவை

முதலில், கூண்டுக்குள் முயல் இருக்கும்போது கையை விடாதீர்கள். கதவைத் திறந்துவிட்டு அது தானாக வெளியே வரட்டும். வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது கிண்ணத்தை நிரப்புங்கள், தட்டைச் சுத்தம் செய்யுங்கள். கருப்பியிடம் இந்த ஒரு மாற்றமே பாதிப் பாய்ச்சலை நிறுத்திவிட்டது.

கையை மூக்குக்கு நேரே நீட்டுவதும் தவறு. முயலின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையிலும் பார்க்கும். மூக்குக்கு முன்னால் ஒரு சிறு இடம் மட்டும் அதற்குத் தெரியாது. அங்கே திடீரென்று முளைக்கும் விரல் அதைத் திடுக்கிட வைக்கும். பக்கவாட்டிலிருந்து, கை வருவதைப் பார்க்கவிட்டு, நெற்றியின் மேல் வைத்துத் தடவுங்கள். பாயும் என்று தெரிந்தால் முழுக்கைச் சட்டையும் தடித்த துண்டும் உதவும். கையைச் சட்டென்று பிடுங்காமல், மெதுவாக எடுக்கப் பழகினால் அந்தத் தடமும் மெல்ல அழியும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். நரிக்கும் பருந்துக்கும் பயந்தே வாழப் பிறந்த உயிர் அது. அடித்தால் ‘தப்பு செய்தோம்’ என்று அதற்குப் புரியாது; ‘இந்தக் கை ஆபத்தானதுதான்’ என்று உறுதியாகிவிடும். காதைப் பிடித்துத் தூக்குவது இன்னும் கொடுமை. தொங்கும் முயல் பின்கால்களை உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். கால்கள் அவ்வளவு வலுவானவை, எலும்பு அவ்வளவு இலேசானது. தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி.

இடமும் வேண்டும். நாள் முழுக்க இரண்டடிக் கூண்டில் அடைபட்ட முயலுக்குக் காக்க அந்த இரண்டடிதான் இருக்கிறது. தினமும் சில மணி நேரம் ஓட விடுங்கள். ஓர் அட்டைப்பெட்டியில் இரு பக்கமும் வாசல் வெட்டி வையுங்கள், கடிக்கவும் பறண்டவும் ஏதாவது கொடுங்கள். புல் எப்போதும் இருக்கட்டும்: அருகம்புல், கினியாப் புல், கூடக் கொஞ்சம் வேலிமசால்.

குழாயை அடைப்பது

நிலையான தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சைதான். ஆணுக்கு விரைகளை எடுப்பார்கள். அவை கீழே இறங்கிய பிறகு, மூன்றரை நான்கு மாதத்திலேயே செய்யலாம். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து சூலகத்தையும் கருப்பையையும் எடுக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் பெரிய சிகிச்சை. ஐந்து, ஆறு மாதம் வரை காத்திருப்பார்கள்.

பெண் முயலுக்கு இதைச் செய்ய இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக வருகிறது. நான்கு வயதைக் கடந்தவற்றில் சில இனங்களில் பாதிக்கும் மேல் பாதிக்கப்படுகின்றன. கடியே இல்லாத சாதுவான பெண் முயலுக்கும் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியிருக்க மாட்டார்கள். “இதுவரை முயலுக்குச் செய்திருக்கிறீர்களா டாக்டர்?” என்று கேட்கத் தயங்காதீர்கள். “முந்தின இரவிலிருந்து பட்டினி போடுங்கள்” என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். நாய்க்கு அப்படிச் சொல்வது மயக்கத்தில் வாந்தி எடுக்கும் என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. பட்டினிதான் அதற்கு ஆபத்து. வலிமருந்து உண்டா என்றும் கேளுங்கள். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து உயிரையே பறித்துவிடும். பக்கத்தில் பழக்கப்பட்ட மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் நாள் குறிக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறும்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்த இலையை முன்னால் வையுங்கள். கொத்தமல்லிக்குக் கருப்பி எழுந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. 12 மணி நேரம் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் காலை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

குடம் வற்றும் வரை

மறுநாளே முயல் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் மனம் உடைந்து போகிறார்கள். குழாயை அடைத்தாலும் குடத்தில் இருக்கும் தண்ணீர் மெல்லத்தான் வற்றும். குணத்தில் மாற்றம் தெரியப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். பழக்கத் தடம் ஆழமாக இருந்தால் இன்னும் கூடலாம். ஆண் முயலின் உடலில் விந்தணுக்கள் மிச்சம் இருக்கும் என்பதால் ஆறு வாரம் வரை பெண் முயலோடு விடக் கூடாது.

கடைக்காரர் சொன்ன ஜோடிக்கு இப்போது வருகிறேன். கருத்தடை செய்யாமல் ஆணும் பெண்ணும் சேர்த்து விட்டால் மாதம் ஒரு பிரசவம். இரண்டு ஆண்கள் என்றால், மூன்று மாதம் வரை கட்டிப்பிடித்து உறங்கிய சகோதரர்களே ஒருவரையொருவர் விரையில் கடித்துக் குதறும் அளவுக்குப் போவார்கள். ‘இரண்டும் பெண்’ என்று சொல்லி விற்கப்பட்ட குட்டிகளில் ஒன்று ஆணாக இருப்பதும் சகஜம். சின்ன வயதில் பிரித்தறிவது கடினம். முயலுக்குத் துணை வேண்டும் என்பது உண்மைதான். இரண்டுக்கும் கருத்தடை செய்து, குடம் வற்றிய பிறகு, இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் அந்தத் துணை நிலைக்கும்.

ஹார்மோன் காரணமாக இல்லாதபோது

மூன்று மாதத்துக்கும் குறைவான குட்டி கடித்தால் அது பெரும்பாலும் பயம். கருத்தடை செய்து ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்த முயல் திடீரென்று சீறினால், வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை. சரியாகத் தேயாவிட்டால் கடைவாய்ப் பல் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். கம்பித் தளத்தில் நிற்பவற்றுக்குப் பின்னங்கால் அடியில் புண் வரும். முயல் வலியை வெளியே காட்டாது. காட்டினால் காட்டில் முதல் இரை அதுதான். தொட வரும் கையை விரட்டுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. அந்த நேரத்தில் “மறுபடி ஹார்மோன்” என்று விட்டுவிடாமல் வாயையும் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கருப்பிக்குச் சிகிச்சை முடிந்து ஒன்பதாவது வாரம், அவசரத்தில் மறந்துபோய்க் கூண்டுக்குள் கையை விட்டுவிட்டேன். மூலையிலிருந்து எழுந்து வந்தாள், கையை முகர்ந்தாள், மணிக்கட்டில் அந்தப் பழைய தழும்புக்குப் பக்கத்தில் தாடையைத் தேய்த்துவிட்டுக் கிண்ணத்துக்குப் போனாள்.